கொட்டகை வாசல் எந்தப் பக்கம்

1

இந்தக் கதை வேறொரு கதையின் மிச்சம். அந்த வேறொரு கதை, ஒரு தையல் கடையில், கிழிந்த காலரைத் திருப்பித் தைக்கக் கொடுக்கப்போன இடத்தில், ஒரே வாக்கியத்தில் செத்துப்போனது. அதை மறைக்காமல் சொல்லிவிட்டால்தான் மேலே போக முடியும்.

எனக்குப் பழைய கையேடுகள் வாங்கும் பழக்கம் உண்டு. தண்ணீர் பம்பை எப்படிக் கழற்றுவது, சைக்கிள் சக்கரத்தின் கோணலை எப்படி எடுப்பது, இந்த மாதிரி. எதையும் கழற்றப் போவதில்லை. ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் அன்றைக்குச் சோறு நன்றாக இறங்கும், அவ்வளவுதான். அப்படி வாங்கிய விவசாயக் கருவிகள் கையேடு ஒன்றின் நடுவில் ஒரு புகைப்படம் இருந்தது. கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்கப் போனேன்.

"புத்தகத்துக்குள்ள இருந்தா புத்தகத்தோட சேத்திதான் சார். எடுத்துக்குங்க. உங்க சொந்தக்காரங்கன்னு நெனச்சுக்குங்க" என்றார்.

உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்பு வெள்ளைப் படம். ஒரு களம். பின்னால் ஒரு கொட்டகை; அதன் வாசல் சரியாகப் படத்தின் நடுவில். கொட்டகையின் ஒரு மூலையில் ஒரு மரம். வாசலுக்கு முன்னால் இருபத்தாறு பேர் காமிராவைப் பார்த்து நிற்கிறார்கள். ஆள் உயரத்துக்கு அடுக்கிய கதிர்க்கட்டுகள், மூடிவைத்த இரண்டு பெரிய பாத்திரங்கள், விரித்த நீளமான துணி. எல்லோருடைய நிழலும் நீளமாக ஒரே பக்கம் சாய்ந்திருக்கிறது. ஓரத்தில் ஒருவன் வலது கையால் அரிவாளைத் தலைக்கு மேல் தூக்கியிருக்கிறான். அந்தக் கையே அவன் முகத்தை மறைக்கிறது. பின்பக்கம் பென்சிலில் 'அறுவடை விழா'. கீழே தேதி, மாதம். வருடம் இருந்த இடத்தை ஏதோ பூச்சி தின்றிருந்தது.

2

முதல் வரிகள், நான் எழுதி அடித்துவிட்டவை:

அறுவடை முடிந்த அன்று ஊரே களத்தில் கூடி— (எத்தனை ஊர், எத்தனை களம், எத்தனை தடவை கூடிவிட்டது.)

அரிவாள் தூக்கியவன் சிரித்துக்கொண்டிருந்தான். அவன்— (முகமே தெரியவில்லை. சிரித்தான் என்று எனக்கு யார் சொன்னது?)

அந்தக் காலத்தில்— (இப்படி ஆரம்பித்தால் பேனா தானாகவே பெருமூச்சு விட ஆரம்பித்துவிடும். மூடி வைத்தேன்.)

கடைசியில் அந்த வலது கையைப் பிடித்துக்கொண்டேன். அதில் ஒரு தழும்பு வைத்தேன். அந்தத் தழும்பைப் பற்றியே எட்டுப் பக்கம் ஓடியது. எனக்கே என்மேல் கொஞ்சம் மரியாதை வந்த நேரத்தில்தான் காலர் கிழிந்தது.

3

தையல்காரர் சட்டையை வாங்கி, பழக்கத்தில் பைக்குள் கைவிட்டார். படம் வந்தது.

"என்ன சார், வீட்டு ஆளுங்களா?"

"இல்லங்க. ஏதோ ஊர்ல அறுவடை விழா. எங்கேன்னு தெரியல."

மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படத்தைக் கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். மனிதர்களை அவர் பார்க்கவில்லை. துணியைப் பார்த்தார்.

"யார் தெச்சது இதெல்லாம்?"

"ஏன்?"

"பை எல்லாம் வலது மார்புல இருக்கு. ஆம்பளச் சட்டைக்கு இடது மார்புலதான பை வரும்? பட்டன் பட்டியும் மாறிக் கெடக்கு."

"தெச்சவரு தப்பா…"

"ஒருத்தன் தப்பாத் தெப்பான். இதுல பதினோரு சட்டை இருக்கு. பதினொண்ணும் ஒரே மாதிரி தப்புன்னா தப்பு சட்டையில இல்ல சார். படத்தத் திருப்பிப் போட்டுட்டாங்க."

என்னை இழுத்துக்கொண்டு போய், அளவு பார்க்கிற ஆளுயரக் கண்ணாடி முன்னால் படத்தைப் பிடித்தார். கண்ணாடிக்குள் பதினோரு பைகளும் இடது மார்புக்குப் போய்விட்டன. அரிவாளும் இடது கைக்குப் போய்விட்டது. என் எட்டுப் பக்கத் தழும்பு யாருக்கும் சொந்தமில்லாமல் காற்றில் நின்றது.

4

(இந்தப் பகுதியைத் தாண்டிப் போகிறவர்கள் போகலாம். ஆனால் போகாதீர்கள்.)

பழைய காமிராவின் பிலிமுக்கு இரண்டு பக்கம். ஒன்று பளபளப்பு, ஒன்று மங்கல். மங்கலான பக்கத்தில்தான் படம் இருக்கிறது. அச்சுப் போடும்போது அந்த மங்கல் பக்கம் தாளைப் பார்த்தபடி இருக்க வேண்டும். சிவப்பு விளக்கு மட்டும் எரிகிற அறை, அவசரம், பிலிமைப் புரட்டி வைத்துவிட்டால் இடது வலதாகிவிடும். பெயர்ப்பலகை இருந்தால் எழுத்து காட்டிக்கொடுக்கும். களத்தில் பெயர்ப்பலகைக்கு என்ன வேலை?

படத்தில் இருந்த இருபத்தாறு பேரும் ஏன் கண்டுபிடிக்கவில்லை என்று கேட்பீர்கள். இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வருகிறது. நம் முகத்தை நாம் கண்ணாடியில் மட்டும்தான் பார்த்திருக்கிறோம். அதாவது, திருப்பிப் போட்ட முகத்தைத்தான். ஆகவே திருப்பி அச்சான படத்தில் ஒவ்வொருவருக்கும் தன் முகம் மிகச் சரியாக இருக்கும். பக்கத்தில் நிற்பவன் முகம்தான் என்னவோ போல இருக்கும். 'நான் நல்லா விழுந்திருக்கேன், நீதான் ஒரு மாதிரி இருக்கே' என்று இருபத்தாறு பேரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் சொல்லிக்கொண்டு, திருப்தியாக வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

* அரிவாள் பற்றி ஓர் அடிக்குறிப்பு. அறுக்கும் அரிவாளுக்கு ஒரு பக்கம்தான் சாணை. வலதுகைக்காரரின் அரிவாளை இடதுகைக்காரர் பிடித்தால் கதிர்த்தாளை அறுக்காமல் வழுக்கும். இடதுகைக்காரர் தனக்கென்று தனியாகச் சொல்லிச் செய்ய வேண்டும். வரிசையில் அறுக்கும்போது அவரை ஓரத்தில்தான் நிறுத்துவார்கள். நடுவில் நின்றால் பக்கத்து ஆளின் முழங்கையோடு மோதும். ஆக, ஓர் ஊரில் இடதுகைக்காரர் யார் என்பது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. கல்யாண வீட்டில் கண் மூடிக்கொண்டு அடையாளம் சொல்வார்கள்.

5

ஆகவே, கதை.

தையல்காரரையே உள்ளே வைக்கலாம் என்று நினைத்தேன். அவருக்கும் சம்மதம், "மீசைய மட்டும் கறுப்பா எழுதுங்க" என்றார். ஆனால் அவருக்கு அந்தப் படத்தில் இழப்பதற்கு எதுவும் இல்லை. இழக்க இருக்கிற ஒருவரை நான் உண்டாக்க வேண்டியிருந்தது.

சின்னவளுக்கு ஐம்பத்துநாலு வயது. இரண்டு தையல் இயந்திரங்கள், ஒரு ஆளுயரக் கண்ணாடி, வெட்டுகிற மேசை, எப்போதும் எரியும் ஒரு குழல்விளக்கு. அதுதான் அவள் கடை. இடதுகைக்காரி. கத்தரிக்கோலைத் தனியாக வரவழைத்து வைத்திருக்கிறாள். அதை யாராவது தொட்டால் பல்லைக் கடிப்பாள். அந்தக் கை அப்பாவிடமிருந்து வந்தது.

பெரியவள் அவளுடைய அக்கா, ஏழு வயது மூத்தவள். பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் சொல்லும் வேலையில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவள். எந்த வண்டி எந்த நடைமேடை, எந்தப் பக்க வாசல் என்று ஊருக்கே வழி சொன்ன குரல். முப்பது வருடத்தில் இரண்டே தடவை தப்பாகச் சொன்னாள். இரண்டு தடவையும் செருப்பில்லாமல் ஓடிப்போய் வண்டியை மறித்து ஆட்களை மாற்றி ஏற்றினாள். கடைக்கு வருகிறவர்கள் சின்னவளிடம் கேட்பார்கள்:

"உங்க அக்கா வீட்லயும் இப்படித்தான் பேசுவாங்களா?"

"சாப்பிடக் கூப்பிட்டாக்கூட எந்தத் தட்டு எந்தப் பக்கம்னு சொல்லித்தான் கூப்பிடுவா."

சின்னவள் பிறந்த அன்று அம்மா இறந்தாள். அன்று ஊரில் அறுவடை விழா. முன்பகலில், வெயில் ஏறிய பிறகு, வலி வந்தது. அப்பா வாசலில் நின்று, "நர்சக் கூட்டிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். நர்ஸ் இருந்த இடம் ஆற்றைத் தாண்டி மூன்று மணி நேர நடை. அம்மா திரும்பத் திரும்பக் கேட்டாள். ஏழு வயதுப் பெரியவள், "போயிருக்காரும்மா, வந்துடுவாரு" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். விளக்கேற்றும் நேரத்துக்கு அம்மா போய்விட்டாள். இருட்டிய பிறகு அப்பா தனியாக வந்தார். நர்ஸ் வேறு ஊருக்குப் போயிருந்தாளாம்.

பெரியவள் சொன்ன முதல் அறிவிப்பு அந்த 'வந்துடுவாரு'தான் என்று எழுதி— (வேண்டாம். கெட்டிக்காரத்தனம். ஆனால் அடிக்க மனம் வரவில்லை, இருக்கட்டும்.)

பின்னால் அப்பாவுக்குக் கால் இரண்டும் விழுந்துவிட்டன. அவர் சாகும்வரை, பதினாலு வருடம், பெரியவள் பார்த்துக்கொண்டாள். அந்தப் பதினாலு வருடத்தில் அவளுக்கு வந்த ஒரு நல்ல வரனும் ஒரு நல்ல மாற்றலும் போயின. யாராவது உச்சுக்கொட்டினால், "அம்மாவுக்காக ஆறு மணி நேரம் நடந்த காலு அது" என்பாள். பேச்சு அதோடு நின்றுவிடும்.

6

இந்த இடத்தில் பெரியவள்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. ஒரு மனுஷி இவ்வளவு நல்லவளாக இருந்தால் கதையில் மற்றவர்களுக்கு மூச்சு முட்டும். நல்லவர்கள் எங்காவது ஒரு பக்கம் கிள்ளுவார்கள். எங்கே என்று யோசித்தேன்.

சின்னவளுக்குப் பன்னிரண்டு வயது. ஒரு ரிப்பனுக்காகச் சண்டை. அக்கா சொன்னாள்: "உன்னப் பெத்துட்டுத்தான அவ போனா."

ஒரே தடவைதான் சொன்னாள். அதற்குப் பிறகு நாற்பது வருடம் தங்கைக்குத் தலை வாரிவிட்டாள், பள்ளிக்கு அனுப்பினாள், இயந்திரம் வாங்கிக் கொடுத்தாள். ஆனால் அந்த வீட்டில் சின்னவளுடைய பிறந்தநாள் என்று ஒரு நாள் கிடையாது. அது அம்மாவின் நாள். அன்று சின்னவள் எல்லோருக்கும் முன்னால் எழுந்து வீட்டைப் பெருக்கிவிட்டு, கண்ணில் படாமல் கடைக்குப் போய்விடுவாள்.

இப்போது படம் வருகிறது. சித்தப்பா மகன் வீடு மாற்றும்போது பெட்டியில் கிடைத்தது என்று கொண்டுவந்து கொடுத்தான். பின்பக்கத் தேதியைச் சின்னவள் இரண்டு தடவை படித்தாள். அவள் பிறந்த தேதி. (கதையில் வருடத்தைப் பூச்சி தின்னவில்லை. அதுவும் அவள் பிறந்த வருடம்தான்.) அக்காவிடம் நீட்டினாள்.

"இதுல அப்பா இருக்காராக்கா? அரிவாளோட நிக்கிறது யாரு?"

பெரியவள் ரொம்ப நேரம் பார்த்தாள். "அப்பா இடதுகைக்காரரு. இது வலது கை" என்றாள். படத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

சின்னவள் அதை வெட்டும் மேசைமேல் போட்டிருந்த கண்ணாடித் தகட்டுக்கு அடியில் செருகிவைத்தாள். இரண்டு மாதம் கழித்து, ஓர் ஆண் சட்டைக்குப் பை வைத்துப் பார்க்கும்போது, ஊசிமுனைக்கு நேர் கீழே அந்தப் பதினோரு பைகளும் தெரிந்தன. அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. படத்தை எடுத்துக்கொண்டு ஆளுயரக் கண்ணாடி முன்னால் போய் நின்றாள்.

ஓரத்தில், இடது கையில் அரிவாளோடு, அப்பா.

அம்மா வலியில் கிடந்த நாளில். நர்சைத் தேடி நடக்காத அப்பா. அப்படியானால் அம்மாவைக் கொன்றது ஒரு பிரசவம் மட்டும் அல்ல. ஐம்பத்துநாலு வருடமாகத் தோளில் கிடந்த ஏதோ ஒன்று சரிந்து விழுவது போலச் சின்னவளுக்கு இருந்தது. அது விழும் இடத்தில் அக்காவின் பதினாலு வருடம் நின்றுகொண்டிருந்தது.

7

முடிவுகள்.

முதலில் எழுதியது: சின்னவள் சொல்லவில்லை. படத்தைப் பழையபடி செருகிவிட்டுப் பை தைக்கிறாள். அடக்கமான, அழகான முடிவு. காலர் தைத்த சட்டையை வாங்கப் போனபோது தையல்காரரிடம் சொன்னேன். அவர் நூலைப் பல்லால் அறுத்துவிட்டுச் சொன்னார்:

"அவ தையக்காரிதான? அப்ப சொல்லாம இருக்க முடியாது. தப்பாத் தெச்சதக் கண்ணால பாத்துட்டா பிரிக்காம எங்களுக்குத் தூக்கம் வராது. பஸ்ல முன்னாடி சீட்ல உக்காந்திருக்கறவன் காலரக்கூட மனசுக்குள்ள பிரிச்சிடுவோம்."

சரி. அப்படியானால் அவள் சொல்கிறாள். பெரியவள் உடைகிறாள். இதை எழுத உட்கார்ந்து, பெரியவள் படத்தை வாங்கி— என்று எழுதியதும் பேனா நின்றது. நிழல்.

நான்தான் மறந்துவிட்டேன். படத்தைத் திருப்பினால் கை மட்டும் மாறாது, நிழலும் மாறும். சரியான படத்தில் நிழல்கள் இடப்பக்கம் விழுகின்றன. அப்படியானால் சூரியன் வலப்பக்கம், தாழ்வாக. ஆனால் வலப்பக்கம் என்பது கிழக்கா மேற்கா? அது கொட்டகை வாசல் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. வாசல் தெற்கே பார்த்திருந்தால், அதற்கு எதிரே நின்ற காமிரா வடக்கே பார்த்திருக்கும்; அதன் வலது கிழக்கு; நேரம் காலை. வலி இன்னும் வரவில்லை. அப்பா கடைசிக் கட்டை அறுத்தார், படத்துக்கு நின்றார், வீட்டுக்கு வந்தார், பிறகு நடந்தார். எல்லாம் அவர் சொன்னபடியே.

வாசல் வடக்கே பார்த்திருந்தால், வலது மேற்கு. நேரம் மாலை. அம்மா கேட்டுக்கொண்டே இருந்த நேரம்.

ஒரு வாசல். அவ்வளவுதான். கொட்டகை என் கதையில் இருப்பதால் வாசலை நான் எந்தப் பக்கமும் வைக்கலாம். தெற்கே வைத்து ஒரு முடிவு எழுதினேன். அக்காவும் தங்கையும் கட்டிக்கொண்டு அழுதார்கள். வடக்கே வைத்து இன்னொன்று எழுதினேன். ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. இரண்டிலும் அவர்கள் செய்தது நான் சொன்னதைத்தான். ஒரு கதவை நகர்த்தி ஒரு மனிதரை நல்லவராக்கவும் கெட்டவராக்கவும் முடிகிற இடத்தில் உட்கார்ந்திருப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த வாசலை நிஜமாகவே பார்த்த ஒருவர்தான் உயிரோடு இருக்கிறார். கேட்க வேண்டியது அவரிடம்தான்.

8

பெரியவள் ஒரு ரவிக்கையைப் பிடித்துத் தைக்கக் கொண்டுவந்திருந்தாள். கண்ணாடியைப் பார்த்தபடி கையைத் தூக்கி நின்றாள். சின்னவள் பின்னால் நின்று குண்டூசி குத்தினாள். படத்தில் நிழல் விழும் பக்கத்தை அவளும் அதற்குள் பார்த்துவிட்டிருந்தாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும்."

"வாயில இருக்கற ஊசிய எடுத்துட்டுக் கேளு. முழுங்கித் தொலைக்காத."

சின்னவள் எடுத்தாள். "களத்துல ஒரு கொட்டக இருந்துச்சே. வாசல் எந்தப் பக்கம் பாத்து இருந்துச்சு?"

பெரியவள் கையை மெதுவாக இறக்கினாள். பிறகு போய், மேசைக் கண்ணாடியை ஒரு விரலால் நெம்பி, படத்தை உருவினாள். நேராக ஆளுயரக் கண்ணாடிக்கு வந்து அதில் காட்டினாள். எங்கே எப்படிப் பிடிக்க வேண்டும் என்று அவளுக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

"மரம் எந்த மூலையில நின்னுச்சுன்னு எனக்குத் தெரியாதா? அதுல ஏறி விழுந்து பல்லு போனவ நான்."

"அப்ப அன்னிக்கே தெரியுமா உனக்கு?"

"பாத்ததும் தெரியும்."

"அப்பா இல்லன்னு சொன்னியே."

"நான் எங்கடி சொன்னேன்? அப்பா இடதுகைக்காரரு, இது வலது கைன்னேன். ரெண்டும் சரிதான. மிச்சத்த நீயா எடுத்துக்கிட்ட."

"ஏங்க்கா?"

பெரியவள் கண்ணாடிக்குள் தெரிந்த சிறிய படத்தையே பார்த்தாள். "நீ அவரு இருக்காரான்னு கேட்ட. எத்தன மணிக்கு இருந்தாருன்னு கேக்கல. அதக் கேக்கறப்ப சொல்லிக்கலாம்னு இருந்தேன். ரெண்டு மாசமாச்சு. நீ கேக்கல. நானும் நிம்மதியாத்தான் இருந்தேன்."

"இப்பக் கேக்கறேன்."

"கேட்டுட்டில்ல." பெரியவள் ரவிக்கையைத் தோளில் சரிசெய்தாள். குத்தின ஊசிகளில் ஒன்று உறுத்தியிருக்க வேண்டும், முகம் சுளித்தாள். பிறகு, ஊருக்கே வழி சொன்ன அந்தக் குரலில், ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னாள்:

"உன் கடை எந்தப் பக்கம் பாத்து இருக்கோ, அதே பக்கம். நீ இந்தக் கடையப் புடிச்ச அன்னிக்கு உள்ள வந்ததும் எனக்கு அதுதான் தோணுச்சு. சொல்லல."

சின்னவள் திரும்பி வாசலைப் பார்த்தாள். இருபது வருடமாக அவள் முதுகுக்குப் பின்னால் இருந்த வாசல்.

(அவர்கள் இருவருக்கும் தெரிந்துவிட்டது. கடைக்குள் எப்போதும் குழல்விளக்கு எரிகிறது என்று ஐந்தாவது பகுதியில் எழுதினேனே, வேண்டுமென்றுதான். எந்தப் பக்கத்திலிருந்து வெயில் வருகிறது என்று எங்கும் சொல்லிவிடக் கூடாது என்று பயந்து பயந்து எழுதியிருக்கிறேன். வாசலை நீங்கள் வையுங்கள். வைப்பதற்கு முன்னால் பதினாலு வருடத்தையும் ஒரு பிறந்தநாளையும் இரண்டு கையிலும் ஒரு தடவை தூக்கிப் பாருங்கள். நான் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தேன்.)

சின்னவளுக்கு வாசலிலிருந்து கண்ணை எடுக்க நேரமாயிற்று. எடுத்ததும் மேசையிலிருந்து ஊசிகளை அள்ளிக்கொண்டாள்.

"அடுத்த வாரம் என் பொறந்தநாளு" என்றாள்.

"தெரியும்" என்றாள் பெரியவள்.

"அன்னிக்கு நான் வீட்லதான் இருப்பேன்."

"இரு."

"கையத் தூக்கு. இன்னொரு பக்கம் பிடிக்கணும்."

பெரியவள் கையைத் தூக்கினாள். கண்ணாடியில் அது மற்றக் கையாகத் தெரிந்தது.